குறுக்கே ஆட்டிய சட்டை

வர வேண்டாம் என்று சொல்லத்தான் ஆட்டினார்களாம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூக்கில் குழாயோடு கிடக்கும் இஞ்ஞாசி மாமா இன்று மத்தியானம் என்னிடம் இதைச் சொல்லிவிட்டார். சொன்ன கையோடு கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மூட்டையை இறக்கிப் போட்ட சுமைக்காரன் சுவரில் சாய்வானே, அந்த மாதிரி. மூட்டை இப்போது என்னிடம் இருக்கிறது. சிப்பித்துறைக்குப் போகிற டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். எங்கே போகணும் என்று கண்டக்டர் இரண்டாவது தடவை கேட்ட பிறகுதான் ஊர்ப் பெயர் வாயில் வந்தது. “கித்தேரி, நாங்க சட்டைய ஆட்டுனது ஒங்க அப்பாவ வரச் சொல்லி இல்ல தாயி. மேலயும் கீழயும் ஆட்டுனா வான்னு அர்த்தம். குறுக்க ஆட்டுனா வராதன்னு அர்த்தம். தோணிக்காரனுக்கு அதான் பழக்கம். நாங்க குறுக்கத்தான் ஆட்டுனோம். கரையில உள்ளவுகளுக்குத் தெரியும்னு நெனச்சோம்.” இதை ஏன் மாமா இப்பச் சொல்லுதிய என்று கேட்டேன். “செத்துப் போவேன்லா,” என்றார். நீர் சாவீர், சரி. நான் இன்னும் இருக்க வேண்டும் அல்லவா. நாற்பது வருஷத்துக்கு மேலாக ஒவ்வொரு நினைவுப் பூசைக்கும் வந்தாரே, கோயிலில் கடைசி வரிசையில் தூணோடு தூணாக நின்று மெழுகுதிரி கொளுத்திவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து அம்மா கையால் காப்பி வாங்கிக் குடித்தாரே, அந்தக் காப்பிக்கும் அடுத்த காப்பிக்கும் நடுவில் ஒரு தடவைகூடவா வாய் திறக்கவில்லை. “எப்படித் தாயி சொல்ல. ஏழு பேரு செத்த ஊரு. நாங்க அஞ்சு பேரும் உசுரோட நிக்கோம். கூப்புடவே இல்லன்னு எந்த வாயால சொல்ல.” அதே வாயால்தான் இன்றைக்குச் சொன்னீர். அதே வாய்தான். நர்ஸ் வந்து, நோயாளியைப் பேச வைக்காதீங்கம்மா என்று என்னைத்தான் திட்டினாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. எல்லா ஆத்துமாக்கள் திருநாள் கழிந்த பிறகு மூன்று நாளாக மழை. கடல் சாம்பல் நிறத்தில் எழுந்து எழுந்து விழுந்துகொண்டிருந்தது. கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிக்கொண்டு போன ஒரு தோணி காற்றில் திரும்பி எங்கள் கரைக்கு நேரே இருந்த மணல்திட்டில் ஏறி, சாய்ந்து நின்றுவிட்டது. பள்ளிக்கூடம் கிடையாது, எல்லாப் பிள்ளைகளும் கடற்கரையில்தான். தோணியின் மேல்தட்டில் ஒருவன் சட்டையைக் கழற்றி ஆட்டினான். தோணியில் இருந்த ஐந்து பேரில் இஞ்ஞாசி மாமாவும் ஒருவர், அது அவராகக்கூட இருக்கலாம். ஆட்டுனது நீரா என்று கேட்காமல் வந்துவிட்டேன், அதையாவது கேட்டிருக்க வேண்டும். கூப்பிடுறான், கூப்பிடுறான் என்று யாரோ சொன்னார்கள். அதன் பிறகு கரை முழுக்க அதையே சொன்னது. நானும் சொன்னேன், மழைத்தண்ணீர் வாய்க்குள் இறங்க இறங்கச் சொன்னேன். அந்தச் சட்டை என் கனவில் எத்தனையோ தடவை வந்திருக்கிறது. இப்போது கண்ணை மூடினால் அது இடமும் வலமுமாகக் குறுக்கேதான் ஆடுகிறது. நேற்று வரை எப்படி ஆடியது? மேலும் கீழுமாகவா? ஞாபகம் இல்லை, அல்லது ஞாபகம் என்பது நாய் மாதிரி, கடைசியாகச் சோறு வைத்தவன் சொன்ன பக்கம் ஓடுகிறது. கிழவர் ஒரு வார்த்தை சொன்னார், சட்டை திரும்பிக்கொண்டது. என்னால் என் சொந்தக் கண்ணையே நம்ப முடியவில்லை. இந்தக் கோபத்தை நான் எங்கே கொண்டு போய் வைப்பது?

அப்பா அன்று ஏறிப்போன படகைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின புயலில் எங்கள் கரைக்கு முன்னாலேயே ஆட்கள் செத்தார்கள் என்பதால் அரசாங்கம் கொடுத்த உயிர்காப்புப் படகு. லைஃப்போட்டு என்று பெயர் எழுதி வந்தது, ஊர் வாயில் லைபோட்டு ஆயிற்று. சிவப்பும் வெள்ளையுமாகப் பெயிண்ட் அடித்து, அதற்கென்று தகரக் கொட்டகை போட்டு, அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆபீசரையும் போட்டார்கள். எந்த அமைதியான துறைமுகத்துக்காகச் செய்ததோ, எங்கள் கரையில் அலை உடைகிற உடைப்புக்கு அந்தக் கனம் ஆகவே ஆகாது. அப்பாதான் அதற்குத் தண்டல், சுக்கான் பிடித்து ஆட்களை நடத்துகிறவர். அவருக்குக் கீழே துடுப்புப் போட ஆறு பேர். அப்பாவுக்கு ஒரு காக்கித் தொப்பி கொடுத்தார்கள். சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும், யாராவது பெரிய மனிதர் பார்க்க வந்தாலும், தெளிந்த கடலில் அதை இறக்கி ஒரு சுற்று சுற்றிக் கொண்டுவந்து கொட்டகையில் ஏற்றுவார்கள். அவ்வளவுதான் அதன் வேலை. ஊரில் அதற்குத் தேர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். “ரெமிஜியூஸ், ஒம்ம தேரு எப்ப எறங்குது?” என்று மீன் ஏலம் போடுகிற இடத்தில் கேட்பார்கள். அப்பா சிரிப்பார். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிடுவார். அம்மா ஒன்றும் கேட்காமல் தட்டை எடுத்து மூடி வைப்பாள். தோணி திட்டில் ஏறின அன்று ஆபீசர் ஜீப்பில் வந்தார், முழங்கால் வரை மழைக்கோட்டு. எங்கள் வள்ளத்தில் போகலாம் என்று யாரோ சொன்னதற்கு, எதுக்கு அரசாங்கம் இதக் குடுத்திருக்கு, வேடிக்கை பாக்கவா என்றார். அதையும் நான் கேட்டேன். கேட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

பஸ் உப்பளத்துக்கு நடுவில் நிற்கிறது. முன்னால் லாரி ஏதோ மண்ணில் இறங்கிவிட்டதாம். இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாகக் குவியல், வெயில் பட்டுக் கண்ணைக் குத்துகிறது. தியாகிகள். நாளைக்கு நினைவுப் பூசையில் சாமியார் அந்த வார்த்தையைச் சொல்லுவார். தங்கள் உயிரைப் பிறர்க்கென ஈந்த ஏழு தியாகிகள். கடற்கரையில் தூண் கட்டி ஏழு பெயரையும் வெட்டி, அப்பா பெயரை மேலே போட்டிருக்கிறார்கள். அதன் நிழலில் சாயங்காலம் மாங்காய் சுண்டல் விற்கிறார்கள், வெளியூர்ப் பிள்ளைகள் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். வருஷா வருஷம் என்னை முன்வரிசையில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பத்து வயதில் நின்றேன், வயதுக்கு வந்த பிறகு தாவணியில் நின்றேன், திருநெல்வேலியில் கட்டிக் கொடுத்த பிறகு புருஷனோடு வந்து நின்றேன். நாலு பக்கமும் இருந்து என் முகத்தைப் பார்ப்பார்கள், கண்ணில் தண்ணீர் வருகிறதா என்று. வராத வருஷம், பாத்தியா கல்நெஞ்சு என்பார்கள். வந்த வருஷம் திருப்தியோடு வீட்டுக்குப் போவார்கள். என் கண்ணீர் அந்த ஊருக்குத் திருவிழாப் பலகாரம் மாதிரி. பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டி வைத்தார்கள், அலைகடலில் அணையா விளக்கு என்று தலைப்பு, எனக்கு முதல் பரிசு. என்ன எழுதினேன்? கூப்பிட்ட குரலுக்கு ஓடினார் என் தந்தை என்று எழுதினேன். கூப்பிடவே இல்லையாம். கூப்பிடாத வீட்டுக்கு ஓடிப் போய்ச் செத்திருக்கிறார்கள். அந்தப் பரிசு ஒரு எவர்சில்வர் தட்டு, இன்னும் என் வீட்டில் இருக்கிறது, அதில்தான் என் மகன் சாப்பிட்டு வளர்ந்தான்.

லாரியைக் கிளப்பிவிட்டார்கள் போல, பஸ் நகர்கிறது. பக்கத்தில் காலியான இடத்தில் ஒரு சின்னப் பெண் கைக்குழந்தையோடு வந்து உட்கார்ந்தாள். என்னையே பார்த்தாள். பார்க்காதே என்று மனதுக்குள் சொன்னேன். “அக்கா, நீங்க ரெமிஜியூஸ் தண்டல் மகதான? நாளைக்குப் பூசைக்கு வந்திருக்கியளா?” ம் என்றேன். “எம்பிள்ளைக்கு அவுக பேருதான் வச்சிருக்கோம். ஏலே ரெமி, இங்க பாரு, யாரு வந்திருக்கா பாரு.” குழந்தை என் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. நல்ல கனமான, எண்ணெய் மணக்கிற குழந்தை. எதுக்கு இந்தப் பேரை வச்சிய என்று கேட்டுவிட்டேன், குரல் கொஞ்சம் கடுமையாக வந்திருக்க வேண்டும், அவள் முகம் ஒரு நிமிஷம் தடுமாறியது. “தைரியமா வளரணும்லா அக்கா. அடுத்தவனுக்கு ஒண்ணுன்னா முன்னால நிக்கணும்.” இவன் அப்பா என்ன வேலை என்றேன். “விசைப்படகுல போறாவ. ஒங்க அப்பா போட்டாவத்தான் படகுல ஒட்டி வச்சிருக்காவ.” மாற்று, இன்றைக்கே போய்ப் பெயரை மாற்று, கடைக்காரன் பெயரை வை, வாத்தியார் பெயரை வை, கரையில் நிற்கிற எவன் பெயரையாவது வை என்று தொண்டை வரை வந்தது. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியவில்லை. குழந்தை என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறது. நகம் எவ்வளவு சின்னது. அப்பாவின் கால் நகங்கள் மஞ்சள் பாரித்து, பெருவிரல் நகம் மட்டும் இரண்டாகப் பிளந்திருக்கும். அதை வைத்துத்தான் அடையாளம் சொன்னேன். முகத்தைப் பார்க்க விடவில்லை, உடலை மூடியிருந்த பாய்ச்சீலைக்கு வெளியே காலைத்தான் காட்டினார்கள். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் ஒரு காலைக் காட்டி, இது ஒங்க அப்பாவா பாரு என்று கேட்டார்கள். யார் கேட்டது? அதைக் கேட்டவன் இப்போது இருந்தால் பஸ்ஸை விட்டு இறங்கிப் போய் அறைவேன்.

லைபோட்டு கூப்பிடு தூரத்தில்தான் கவிழ்ந்தது. முதல் அலைவரிசையைத் தாண்டினார்கள், கரை ஓவென்று கத்தியது. இரண்டாவதையும் தாண்டினார்கள். மூன்றாவதில் படகு முகம் திருப்பிக் குறுக்காக விழுந்தது. அதன் வெள்ளை வயிறு மேலே வந்தது, அடியில் பெயிண்ட் அடிக்காமல் விட்டிருந்த ஒரு திட்டு கூட எனக்குத் தெரிந்தது. ஆட்கள் ஒருவர்கூடக் கத்தவில்லை. அல்லது காற்று கேட்க விடவில்லை. கரையில் ஆண்கள் கயிற்றைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் பாய்ந்தார்கள், அலை அவர்களைத் திருப்பித் திருப்பிக் கரையில் வீசியது. இருட்டுவதற்குள் ஆறு பேரைக் கடல் கொண்டுவந்து போட்டது, தக்கைச் சட்டையோடு, எல்லாரும் நல்ல மிதப்பாக. பக்கத்து வீட்டு ஞானப்பூ மாமியின் வீட்டுக்காரர் லூர்து மட்டும் வரவே இல்லை. மறுநாள் காலையில் காற்று நின்றுவிட்டது. கடல் வடிந்து, ஒன்றுமே நடக்காத மாதிரிக் கிடந்தது. அப்போதுதான் தோணிக்காரர்கள் ஐந்து பேரும் திட்டிலிருந்து இறங்கி நெஞ்சளவு தண்ணீரில் நடந்து வந்தார்கள். நடந்து. ஒருவன் தலையில் சோற்றுப் பானை. தோணிக்கு ஒரு பலகை உடையவில்லை. ஒரு ராத்திரி பொறுத்திருந்தால் எல்லாரும் உயிரோடு இருந்திருப்பார்கள், அதை ஊரில் யாரும் சொல்லுவதில்லை, அது தூணில் இல்லை. அந்த ஐந்து பேருக்கும் அம்மா கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். கோயில் முற்றத்தில் புருஷனைக் கிடத்திவிட்டு வந்து அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சினாள். தோணியை லேசாக்குவதற்காகக் கடலில் தள்ளிவிட்ட வெங்காயம் ஒரு வாரத்துக்குக் கரையில் ஒதுங்கிக்கொண்டிருந்தது. சனங்கள் கூடை கூடையாகப் பொறுக்கினார்கள். எந்தத் தெருவில் நடந்தாலும் வதங்குகிற வெங்காய மணம். செத்த வீடுகளிலும்தான். பசிக்கும் அல்லவா. எனக்கும் பசித்தது. நன்றாகத் தின்றேன்.

இவ்வளவு நாளும் யார்மேல் கோபப்பட்டேன்? ஆபீசர்மேல், அவர் மாற்றலாகி எந்த ஊருக்கோ போய்விட்டார். கடல்மேல் கோபப்பட்டுப் பிரயோஜனம் இல்லை. சட்டை ஆட்டினவன்மேல், கூப்பிட்டுக் கொன்றவன் என்று. அந்தக் கோபம் ஒன்றுதான் கையில் பிடிக்கிற மாதிரி இருந்தது. அதையும் கிழவர் இன்றைக்குப் பிடுங்கிக்கொண்டார். இப்போது மிச்சம் அப்பாதான். சுக்கானைப் பிடித்த மனிதருக்குச் சட்டை எந்தப் பக்கம் ஆடுகிறது என்று தெரியாதா? எத்தனை வருஷம் கடலில் கிடந்தவர். தெரியாமல் போனார் என்றால் அது மடத்தனம். மடத்தனத்துக்குத் தூண் கட்டிப் பூசை வைத்திருக்கிறோம். தெரிந்தே போனார் என்றால். இல்லை. அந்தப் பக்கம் நான் போக மாட்டேன். அம்மாவிடம் இதைச் சொல்லவும் கூடாது. எண்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டது, அவுகளக் கூப்பிட்டாவ, போனாவ என்ற ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அதையும் பிடுங்குவானேன். இஞ்ஞாசி எப்படி இருக்கான் என்று கேட்பாள், இழுத்துக்கொண்டு இருக்கிறது என்று சொல்லுவேன். அவ்வளவு போதும். குழந்தையிடமிருந்து விரலைப் பிரித்துக்கொண்டு இறங்கினேன். “நாளைக்குப் பாப்போம் அக்கா,” என்றாள் அந்தப் பெண். கோயில் கோபுரத்தில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஹலோ, ஹலோ, மைக் டெஸ்ட் என்று ஒரு குரல் தெருவெல்லாம் என் பின்னாலேயே வந்தது.

அம்மா வாசல் நடையில் காலை நீட்டி உட்கார்ந்து தட்டில் நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தாள். தலையைக் கிள்ளி ஒரு பக்கம், உடலை ஒரு பக்கம். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

“இஞ்ஞாசி எப்படி இருக்கான்?”

“இழுத்துக்கிட்டுக் கெடக்கு.”

“என்ன சொன்னான்?”

ஒன்றும் இல்லை என்றுதான் சொல்ல நினைத்தேன். நாக்கு என் பேச்சைக் கேட்கவில்லை. “கூப்புடவே இல்லையாம்மா. வராதியன்னு சொல்லத்தான் சட்டைய ஆட்டுனாவளாம்.”

அம்மா ஒரு நெத்திலியை எடுத்தாள், கிள்ளினாள், போட்டாள். “குறுக்கத்தான ஆட்டுனான்,” என்றாள்.

எனக்கு முதலில் அந்த வார்த்தை விளங்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன்.

“ஒனக்குத் தெரியுமா?”

“எங்க அய்யா தோணிக்காரருல்லா. சின்னப் பிள்ளையில இருந்து பாத்ததுதான.”

“தெரிஞ்சும் விட்டியா?”

“விடல.” அம்மாவின் கை நிற்கவில்லை. “லைபோட்டத் தள்ளிக்கிட்டு இருந்தாவ. கூட்டத்தை விலக்கிக்கிட்டுப் போயி அவுக கையப் பிடிச்சி, காதுல சொன்னேன். வராதங்கான், போவாதியன்னு.”

“அப்பா என்ன சொன்னாவ?”

அம்மா தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். முந்தானையில் விரல்களைத் துடைத்தாள், ஒவ்வொரு விரலாக.

“தெரியும்னாவ. வாய மூடு, பயலுவ காதுல விழுந்தா ஒருத்தனும் ஏற மாட்டான்னாவ.”

இதைத்தான் அந்தப் பக்கம் போக மாட்டேன் என்று பஸ்ஸில் மூடி வைத்தேன். தெரியும். தெரிந்தே போயிருக்கிறார். ஒரு தொப்பிக்காக, தேர் தேர் என்று சிரித்தவர்கள் வாயை ஒரு நாளைக்காவது அடைப்பதற்காக, ஜீப்பில் வந்தவன் முன்னால் பின்வாங்கக் கூடாது என்பதற்காக. தான் மட்டும் போகவில்லை, ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார், அவர்கள் காதில் விழாமல் பார்த்துக்கொண்டு போயிருக்கிறார். சாமியார்கள் வருஷா வருஷம் சொல்லுவார்களே, படகு புறப்படும் முன் அந்த வீரப்பெண் கணவனின் காதில் ஒரு செபத்தை ஓதி அனுப்பினாள் என்று. எத்தனை சாமியார்கள் மாறினாலும் அந்தச் செபம் மட்டும் மாறவில்லை. அம்மா முன்வரிசையில் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்து அதைக் கேட்டிருக்கிறாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் கேட்டிருக்கிறேன். அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையாது. அது பக்தி என்று நினைத்தேன். அப்பாமேல் வந்த கோபம் அப்படியே திரும்பி அவள்மேல் விழுந்தது. அவள்தான் பக்கத்தில் இருந்தாள்.

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?”

“சொல்லி?”

“நான் அவுகளக் கும்புட்டுக்கிட்டுத் திரிஞ்சிருக்க மாட்டேன்.”

“ஒனக்குச் சொன்னா ஊருக்குச் சொன்ன மாதிரி. ஆறு வீட்டுல பிள்ளையள வச்சிக்கிட்டு அழுதாளுவ. அவளுவகிட்டப் போயி, எம்புருசன் தெரிஞ்சேதான் ஒங்க புருசமாரக் கூட்டிட்டுப் போனாவன்னு சொல்லச் சொல்லுதியா? நம்மள இந்தத் தெருவுல இருக்க விட்டுருப்பாளுவளா? ஒனக்கு ஒரு கலியாணம் நடந்துருக்குமா?”

அப்போதுதான் ஞானப்பூ மாமி வந்தாள். பக்கத்து வீடுதான், ஒரே சுவர். என்னைக் கண்டால் குழம்பு கொண்டுவருவாள், இன்றும் ஒரு கிண்ணத்தில் பாறைமீன் குழம்பு, மேலே தட்டு மூடி. ஆறு வீட்டுப் பெண்களில் இப்போது மிச்சம் இவள் ஒருத்திதான். அம்மாவும் இவளும் சேர்ந்துதான் கருவாடு விற்கப் போவார்கள், சேர்ந்துதான் கோயிலுக்குப் போவார்கள், ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவள் அந்த வீட்டிலேயே படுத்துக்கொள்வாள். கிண்ணத்தை நடையில் வைத்துவிட்டு மெல்ல உட்கார்ந்தாள்.

“வந்துட்டியா மக்கா. இஞ்ஞாசி என்ன சொல்லுதான்?”

“ஒண்ணுமில்ல,” என்றாள் அம்மா. “எல்லாரையும் கேட்டானாம்.”

அம்மா என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லுகிற பார்வை. அந்தப் பார்வைதான் என்னை உசுப்பிவிட்டது. மறுபடியும் வாயை மூடச் சொல்லுகிறார்கள், அன்றைக்கு அவர், இன்றைக்கு இவள். நான் சொன்னேன். இஞ்ஞாசி சொன்னதையும், அம்மா காதில் சொன்னதையும், அதற்கு அப்பா சொன்ன பதிலையும், ஒரு வார்த்தை விடாமல், மாமியின் முகத்தைப் பார்க்காமல், அந்தக் குழம்புக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டு நிறுத்தினார்கள். தெருவில் ஒரு சைக்கிள் போனது.

ஞானப்பூ மாமி என் பக்கம் திரும்பவே இல்லை. அம்மாவைத்தான் பார்த்தாள்.

“காதுலயா சொன்ன?”

“ஆமா.”

“சத்தமாச் சொல்லலியா?”

அம்மா நெத்திலித் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

“எங்க ஆளு ஒனக்குப் பக்கத்துலதான் நின்னாரு. துடுப்பப் பிடிச்சிக்கிட்டு. எனக்கு இப்பவும் கண்ணுல நிக்கி. சத்தமாச் சொல்லியிருந்தா அவருக்குக் கேட்டிருக்கும்லா?”

“கேட்டிருக்கும்,” என்றாள் அம்மா.

மாமி கையை ஊன்றி எழுந்தாள். கொண்டுவந்த கிண்ணத்தைக் குனிந்து எடுத்துக்கொண்டாள், தட்டு நழுவாமல் இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, போய்விட்டாள். அவள் வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பகலில் அந்தக் கதவைச் சாத்தி நான் பார்த்ததே இல்லை.

என்னுடைய கோபம் என்ன ஆயிற்று என்று தேடிப் பார்த்தேன். இருந்தது. ஆனால் இப்போது அதற்கு நிற்க இடம் இல்லை. நான் எழுந்தேன். போயி மாமியப் பாத்துட்டு வாரேன் என்றேன்.

“நீ இரு,” என்றாள் அம்மா. “அவளுக்கு இப்பத்தான புருசன் செத்திருக்கான்.”

சுவருக்கு அந்தப் பக்கம் ஞானப்பூ மாமி அழ ஆரம்பித்திருந்தாள். உடல் கிடைக்காததால் லூர்துக்கு அன்று யாரும் ஒப்பாரி வைக்கவில்லை, எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டார்கள். இப்போது அவள் அவர் பெயரைச் சொல்லி அழுதாள், ஒரு இளம்பெண் மாதிரி. அம்மா சுவரைப் பிடித்து எழுந்தாள். மூட்டு வலிக்கு ஒரு நிமிஷம் நின்றாள். படி இறங்கி, மாமி வீட்டு வாசலுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். ஏட்டி ஞானப்பூ, தெறட்டி என்றாள். திறக்கவில்லை. மறுபடியும் தட்டினாள். அழுகை நின்றது, கதவு திறக்கவில்லை. எதிர்வீட்டில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். கோயில் பக்கமிருந்து நாளைக்குக் கட்டக் கொடிகளைச் சுமந்துகொண்டு பையன்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

அம்மா கதவை விட்டு விலகித் தெரு நடுவில் வந்து நின்றாள். சேலையை இழுத்துச் செருகினாள்.

“ஞானப்பூ, கேட்டுக்கோ. அவுக தெரிஞ்சேதான் கூட்டிட்டுப் போனாவ. கூப்புடலன்னு எனக்குத் தெரியும், அவுகளுக்கும் தெரியும். நான் சத்தமாச் சொல்லல.”

கொடிப் பையன்கள் நின்றுவிட்டார்கள். அடுத்தடுத்த வீடுகளில் ஆட்கள் வெளியே வந்தார்கள். அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு, அதே வார்த்தைகளை முதலிலிருந்து, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி மறுபடியும் சொன்னாள். எங்கள் அம்மாவுக்கு இவ்வளவு பெரிய குரல் உண்டு என்பது எனக்குத் தெரியாது.